மூக்கு தெரிஞ்சா சொல்லுங்க

அட, ஒண்ணும் ஆகலம்மா. மூச்சை விடுங்க மொதல்ல. கையை வேணும்னா பிடிச்சுக்கங்க, தப்பில்ல, நகம் மட்டும் குத்துது. கொஞ்சம் லேசா. இது விழற சத்தம் இல்ல, ஏறற சத்தம். தரைக்கு இவ்வளவு கிட்ட வந்துட்டு ஏன் மறுபடி ஏறணும்னு கேக்கறீங்க, நியாயமான கேள்விதான். இறங்க வேணாம்னு பைலட் முடிவு பண்ணிட்டாரு. ஏறி, ஒரு சுத்து சுத்தி, திரும்ப வந்து இறங்குவாரு. கோ அரவுண்ட்னு சொல்லுவாங்க. பஸ் ஸ்டாப்புல கூட்டமா இருந்தா டிரைவர் நிறுத்தாம போறதில்லையா, அந்த மாதிரி. நல்ல பைலட்தான் இதைப் பண்ணுவான். கெட்டவன் என்ன ஆனாலும் இறங்கிடலாம்னு பார்ப்பான்.

எப்படித் தெரியும்னா, என் பிழைப்பே அதானேம்மா. முப்பத்தோரு வருஷம் டவர்ல உக்காந்திருந்தேன். பைலட் இல்ல, பைலட்டுக்கு இறங்கு, ஏறு, நில்லுன்னு சொல்ற ஆளு. ரிட்டயர் ஆகி சொந்த ஊருக்குப் போய் ஆறு வருஷமாச்சு. வேலை பார்த்தது நாம இறங்கப் போற இதே ஊர்தான், இதே டவர்தான். இப்ப நாம தாண்டி வந்தோமே, உச்சியில பச்சைக் கண்ணாடி போட்ட கட்டடம், பார்த்தீங்களா? கண்ணை மூடியிருந்தீங்களா. சரி, பரவாயில்ல.

இருங்க, கேப்டன் பேசறாரு.

கேட்டீங்களா? என்ன சொன்னாரு, தொலைத்தொடர்புல சின்னத் தடங்கல், பத்து நிமிஷத்துல இறங்கிடுவோம்னு. ம்.

இல்லம்மா, ஒண்ணும் யோசிக்கல. பொதுவா வேற மாதிரி சொல்லுவாங்க. ரன்வே காலியா இல்லைன்னுவாங்க, காத்து சரியில்லைன்னுவாங்க. தொலைத்தொடர்புன்னு சொல்றது அபூர்வம். மணி என்ன உங்க வாட்ச்ல? ஒண்ணு பத்தா. ஒண்ணு பத்து சாப்பாட்டு நேரம். டவர்ல எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும். ஆனா சின்ன ஊரு பாருங்க, ஒரு மணிக்கு ஒருத்தர் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கிடுவாரு. அரை மணி நேரம் ஒருத்தர்தான் இருப்பாரு. எங்க காலத்துலயும் அப்படித்தான். யாரும் எழுதி வெச்ச வழக்கம் இல்ல, அதனால யாரும் அழிக்கவும் இல்ல.

ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க ஜன்னல் பக்கம் இருக்கீங்க, என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. இறக்கைக்குக் கீழ, கொஞ்சம் தூரத்துல, ஒரு சின்ன விமானம் தெரியுதா பாருங்க. மஞ்சள் வால். தெரியுதா? நாம இறங்க வந்தப்பவே பார்த்தேன், அதான் கேட்டேன். அது பயிற்சி விமானம். கத்துக்கறவங்க ஓட்டறது. ரன்வேயைச் சுத்திச் சுத்தி வருவாங்க, இறங்குவாங்க, ஏறுவாங்க, செக்கு மாடு மாதிரி நாள் பூரா அதே வேலை. உங்களுக்கு இப்ப அதோட வால் தெரியுதா, மூக்கு தெரியுதா? வால்தானே. நல்லது. வால் தெரிஞ்சா அது நம்மளை விட்டு அந்தப் பக்கம் போகுது. மூக்கு தெரிஞ்சா சொல்லுங்க.

சும்மாதாம்மா. பழைய பழக்கம்.

எதுக்கு வர்றேன்னு கேட்டீங்களே, பாதியில விட்டுட்டேன். மக வீடு. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு, சாயங்காலம் ஆபீஸ்ல பாராட்டு வெச்சிருக்காங்க. நான் எப்பவும் ட்ரெய்ன்லதான் வருவேன். பதினாலு மணி நேரம், இடுப்பு விட்டுப்போகும், இருந்தாலும் ட்ரெய்ன்தான். முப்பத்தோரு வருஷம் விமானத்தோட வாழ்ந்துட்டு விமானத்துல ஏற மாட்டேங்கிறீங்களே, சமையல்காரன் தன் சமையலைத் தானே திங்க மாட்டேங்கற கதையா இருக்குன்னு மக கேலி பண்ணுவா. இந்தத் தடவை அவளே டிக்கெட் எடுத்து அனுப்பிட்டா. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் வேணுமில்ல? சொல்லிக்கிற மாதிரி எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

இந்த பட்டனா? சும்மா விரலை வெச்சிருக்கேன். அமுக்கல. அமுக்கினா அந்தப் பணிப்பெண் வருவாங்க. வந்தா ஏதாவது சொல்லணும்.

பேசிக்கிட்டே இருந்தா உங்களுக்குப் பயம் குறையும், எனக்கும் பரவாயில்லாம இருக்கும். டவர்ல என்ன நடக்கும்னு சொல்றேன் கேளுங்க. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சீட்டு, பிளாஸ்டிக் சட்டத்துல சொருகிப் பலகையில வரிசையா வெச்சிருப்போம். கீழ இருக்கற சீட்டு மொதல்ல இறங்கும். ரன்வே ஒண்ணே ஒண்ணு, இறங்க வர்றவங்க நாலு பேரு. ஒரு பெண்ணுக்கு நாலு மாப்பிள்ளை வந்த மாதிரி, யாரையும் நோகடிக்காம வரிசைப்படுத்தணும். பெரிய விமானம் வேகமா வரும், அதை நிறுத்த முடியாது. சின்னது மெதுவா வரும். அதனால சின்னதைப் பார்த்து, நீ திரும்பாத, அங்கயே ஒரு வட்டம் போடு, பெரியது இறங்கட்டும்னு சொல்லுவோம். அவங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அவங்க திருப்பிச் சொல்லலைன்னா நாம சொல்லவே இல்லைன்னு அர்த்தம். அவ்வளவுதாம்மா மொத்த வேலையும். சொல்றது, திருப்பிக் கேக்கறது.

இதுல ஒரு சிக்கல் உண்டு. பேசறதுக்கு எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழிதான். நான் மைக் பொத்தானை அமுக்கினேன்னா நான் மட்டும்தான் பேசலாம். நான் விடற வரைக்கும் வேற யாரும் பேச முடியாது, பேசினாலும் எனக்குக் கேக்காது. ஒத்தையடிப் பாதையில ஒருத்தன் குறுக்க படுத்துக்கிட்ட மாதிரி. அதனால எங்க பழக்கம், பேசி முடிச்ச அடுத்த நொடி விரலை எடுத்துடணும். புதுசா வர்றவங்களுக்கு மொத நாள் பாடமே அதான்.

இப்ப எப்படி இருக்கு, வால்தானே? பக்கவாட்டுலயா. சரி, அது ரன்வேக்கு இணையாப் போகுது. அங்கதான் வட்டம் போடச் சொல்லுவாங்க. சொல்லியிருப்பாங்க.

அங்க ஒருத்தன் வேலைக்கு வந்தான். கம்ப்யூட்டர்னு பேரு வெச்சோம். ஞாபகம் அப்படி. காலையில வந்த விமானத்தோட நம்பரை ராத்திரி கேட்டாலும் சொல்லுவான். குரல் இருக்கே, அதைக் கேட்டாலே பைலட்டுங்க அமைதியாயிடுவாங்க. ஒரு பதட்டம் கிடையாது. தங்கமான பையன். சிகரெட் இல்ல, வாய்த்துடுக்கு இல்ல, ஐயான்னு கூப்பிட்டா பின்னாடி இன்னொரு ஐயா சேர்த்துச் சொல்லுவான். எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்விட்டுச் சொல்றேன், எனக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல, அவனைப் பார்த்தா அந்தக் குறை தெரியாது.

தனியா உக்கார அனுமதி கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை. பின்னாடி ஸ்டூல் போட்டு ஒரு அதிகாரி உக்காந்து பார்ப்பாரு. அந்த அதிகாரி நான்தான். காலை பதினோரு மணி, பளிச்சுனு வெயில், மேகமே இல்ல. பெரிய விமானம் ஒண்ணு நேரா இறங்க வருது. சின்னது ஒண்ணு பக்கத்துல, இதோ இந்த மஞ்சள் வால் இருக்கற அதே இடத்துல. பெரியதுக்கு, இறங்கலாம்னு சொன்னான். குரல் வெண்ணெய் மாதிரி. அடுத்தது சின்னதைத் திரும்பாதேன்னு சொல்லணும். மைக்கை வாய்கிட்ட கொண்டு போனான், பொத்தானை அமுக்கினான்.

அமுக்கினவன் அப்படியே இருந்தான்.

கணக்குப் போடறான்னு நினைச்சேன். முகத்தைப் பார்த்தேன். கண்ணு திறந்திருக்கு, இமைக்கல. ஆளு இருக்கான், அவன் இல்ல. ஆள் குடியில்லாத வீட்டுல விளக்கு எரியுற மாதிரி. பலகையில சிவப்பு விளக்கு, மைக் பேசிக்கிட்டு இருக்குன்னு காட்டற விளக்கு, அது பாட்டுக்கு எரியுது. எங்கயும் ஒரு சத்தம் இல்ல. நான் கண்ணாடி வழியா வெளிய பார்த்தேன். சின்ன விமானம் திரும்பிடுச்சு. மூக்கு தெரிஞ்சுது.

அதை ஓட்டினவங்க பாவம், வங்கியில மேனேஜரா இருந்த ஒரு அம்மா, ஆசைக்குக் கத்துக்கிட்டாங்க. நாலு தடவை கூப்பிட்டிருக்காங்க, நான் திரும்பவா, நான் திரும்பவான்னு. வழியைத்தான் இவன் அடைச்சு வெச்சிருக்கானே, யாருக்குக் கேக்கும்? பெரிய விமானத்தைப் பார்த்துட்டோம், அது இறங்கிப் போயிடுச்சுன்னு நினைச்சாங்களாம். அவங்க பார்த்தது தரையில நின்னுக்கிட்டு இருந்த வேற விமானத்தை.

மைக்கை அவன் கையில இருந்து பிடுங்கினேன். பெரியதை மேல ஏறச் சொன்னேன், சின்னதை நேராப் போகச் சொன்னேன். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சுன்னு நான் வீட்டுல கூடச் சொன்னதில்ல. உங்ககிட்டயும் சொல்லல, வேணாம்.

அதுக்கப்புறம் நடந்ததுதாம்மா பெரிசு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, ரொம்ப மரியாதையா, ஐயா, மைக்கை ஏன் வாங்கினீங்கய்யா, நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையேன்னு கேக்கறான். அவனுக்குத் தெரியலம்மா. போனதும் தெரியல, வந்ததும் தெரியல.

நாங்க பேசறதெல்லாம் டேப்ல பதிவாகும். முப்பது நாள் வெச்சிருந்து அழிச்சிடுவாங்க. அன்னைக்கு சாயங்காலம் தனியா உக்காந்து கேட்டேன். பதினோரு விநாடி. வெறும் மூச்சு. தூங்கற குழந்தையோட மூச்சு மாதிரி ஏறி இறங்குது. நானும் எத்தனையோ கேட்டிருக்கேன், பைலட்டுங்க கத்தறது, அழறதுகூட. அந்த மூச்சு மாதிரி எதுவும் என்னை உலுக்கல.

ரிப்போர்ட்ல என்ன எழுதினேனா? மைக் பொத்தான் சிக்கிக்கிச்சுன்னு எழுதினேன். மெக்கானிக் வந்தாரு, கழட்டிப் பார்த்தாரு, பொத்தான் நல்லாத்தானே சார் இருக்குன்னாரு. மாத்திடுங்கன்னேன். புதுப் பொத்தான் போட்டாங்க. பரீட்சைத் தாள்ல, தகுதியுள்ளவர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பதாவது நாள் டேப் அழிஞ்சுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. முடியும்மா. பரிமாறுற ஆளே சாப்பிடுற ஆளா இருந்தா முடியும்.

திட்டுங்க. நீங்க திட்டலைன்னாதான் தப்பு. ஏன் அப்படிப் பண்ணேன்னு கேக்கறீங்க. ஒரு கட்டாயம். கல்யாணப் பத்திரிகை அடிச்சு முடிச்சாச்சு, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆச்சு. உண்மையை எழுதினா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. தலைக்குள்ள கோளாறுன்னு ஒரு தாள் வரும். வேலை போகும், கல்யாணம் நிக்கும். ஒரு தடவைதானே, ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், கல்யாண அலைச்சல்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மனசு இருக்கே, அதை மாதிரி சொன்னபடி கேக்கற சீடன் கிடையாது.

ஒன்பது வருஷம் ஆச்சு. ஒண்ணும் ஆகல. ஒவ்வொரு நாளும் பேப்பரைப் பிரிக்கும்போது ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகலன்னு சொல்லிக்குவேன். மூணு வருஷம் அவன் பக்கத்துலயே என் டியூட்டியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், சாப்பிடக்கூடக் கீழ போனதில்ல. எல்லாரும் குருபக்தி தலைகீழாப் போச்சுன்னு சிரிச்சாங்க. அப்புறம் ரிட்டயர் ஆயிட்டேன். அதுக்கப்புறம்தான் ட்ரெய்ன்.

போன மாசம் அவன் சம்சாரம் போன் பண்ணினா. சில நேரம் தண்ணி ஊத்திக்கிட்டே நின்னுடறாரு, டம்ளர் நிரம்பி வழிஞ்சு மேசையெல்லாம் ஓடுது, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறாரு, அப்புறம் யாரு தண்ணியைக் கொட்டினதுன்னு என்னையே கேக்கறாரு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அலுப்பா இருக்கும், இப்ப போய் டாக்டர் கீக்டர்னு ஆரம்பிக்காத, பதவி உயர்வு வர்ற நேரம்னு சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன்.

ஆமா. அந்தப் பொண்ணு ஏன் எனக்குப் போன் பண்ணினான்னு பார்க்கறீங்க. இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

இந்தச் சத்தம் கேட்டுச்சா, அடியில கடகடன்னு? சக்கரம் இறங்குது. திரும்பிட்டோம், இப்ப நேரா ரன்வேயைப் பார்த்துப் போறோம். இன்னும் நாலு நிமிஷம் இருக்கும். மொதத் தடவை தொலைத்தொடர்புத் தடங்கல்னாரே கேப்டன், அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு இப்ப புரியுதுல்ல? இறங்க அனுமதி கேட்டிருப்பாரு. பதில் வந்திருக்காது. வழியை யாரோ அடைச்சு வெச்சிருந்திருக்காங்க. எத்தனை விநாடின்னு எனக்குத் தெரியாது. முன்ன விட அதிகமா இருக்கலாம்.

இன்னொரு விமானம் கிட்ட வந்தா கத்தற எச்சரிக்கைப் பெட்டி இருக்கும்மா, பெரிய விமானம் எல்லாத்துலயும் இருக்கு. ஆனா எதிர்ல வர்ற விமானத்துலயும் அதுக்குப் பதில் சொல்ற கருவி இருந்தாத்தான் அதுக்குத் தெரியும். அந்தச் சின்னதுல இருக்கோ இல்லையோ. இருந்தாலும் தரைக்குக் கிட்ட வந்துட்டா, இப்படி ஏறு, அப்படி இறங்குன்னு சொல்றதை அது நிறுத்திக்கும். அப்புறம் டவரும் பைலட்டோட கண்ணும்தான். கேப்டன் இப்ப முன்னால ரன்வேயைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. பக்கத்துல பார்க்கறது நீங்க மட்டும்தான்.

அமுக்கச் சொல்றீங்களா? அமுக்கிட்டேன். இதோ, விளக்கு எரியுது. அந்தப் பணிப்பெண் பார்த்துட்டாங்க, அசையலை பாருங்க. கையைக் காட்டி உக்காரச் சொல்றாங்க. அவங்களும் பெல்ட் போட்டாச்சு, இனிமே எழுந்திருக்க மாட்டாங்க. அதான் சட்டம், நல்ல சட்டம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் நானு. நீங்க மூச்சுப் பிடிச்சு உக்காந்திருந்த அந்தப் பத்து நிமிஷமும் என் விரல் இந்தப் பொத்தான் மேலதான் இருந்துச்சு. அமுக்கி என்ன சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே இருந்தேன். டவர்ல இருக்கறவருக்கு உடம்பு சரியில்ல, கேப்டனை வேற ஊருக்குப் போகச் சொல்லுங்கன்னு ஒரு வாக்கியம். அது போதும். உங்களுக்கு எப்படி சார் தெரியும்னு அடுத்த கேள்வி வருமே, அதுக்குத்தான் பதில் இல்லாம உக்காந்திருந்தேன். எனக்குப் பயமா இருக்கும்மா. சாகறதுக்கு இல்ல, அறுபத்தாறு வயசாச்சு. அவ முகத்துல முழிக்கறதுக்கு.

காலையில ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது மக போன் பண்ணினா. குரல்ல அவ்வளவு சந்தோஷம். அப்பா, ஒரு ரகசியம், இவர் சொல்லாதேன்னாரு, ஆனா எனக்கு வாய் நிக்கல, இன்னைக்கு மதியம் டியூட்டியை வேற ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கி மாத்திக்கிட்டாருப்பா, மாமா மொதத் தடவையா பிளேன்ல வர்றாரு, என் பரீட்சைத் தாள்ல கையெழுத்துப் போட்டவரு, அவரை என் வாயாலயே நான் இறக்கி விடணும்னு சொல்றாருன்னா. சரிம்மா, ரொம்ப சந்தோஷம்னு சொல்லிட்டு வந்து இங்க உக்காந்துட்டேன்.

கையை விடாதீங்கம்மா, பரவாயில்ல, நகம் குத்தினா குத்தட்டும். கண்ணை மூடாதீங்க. அந்த மஞ்சள் வால் எங்க இருக்கு இப்ப? இறக்கைக்கு முன்னாடியா பின்னாடியா? வட்டம் போடுதா? போடச் சொல்லியிருந்தா இப்ப வட்டம் போட்டுக்கிட்டு இருக்கணும். நல்லாப் பாருங்க. வாலா, மூக்கா?

ஏம்மா, இவ்வளவு நேரம் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்களே.

சொல்லுங்கம்மா.